பாலுக்கு யாரும் தடுப்பூசி போடுவதில்லை: கலைச்சொல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்ப் பாடநூல் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் கலைச்சொல் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரமான சித்தூர் வட்டத்திலிருந்து இந்த மடலை எழுதுகிறேன். (ஆந்திரத்துச் சித்தூர் அன்று, எங்களுக்கு வரவேண்டிய தபால் சில அங்கே போய்ச் சுற்றிவிட்டு வந்ததுண்டு.) கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி என்று தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கிடக்கும் இந்த ஊர்களில் வீட்டிலும் காட்டிலும் பேசுவது கொங்குத் தமிழ், வில்லேஜ் ஆபீசில் பேசுவது மலையாளம், பிள்ளைகள் கேரளப் பாடத்திட்டத்தைத் தமிழில் படித்துவிட்டு, மேற்படிப்புக்குப் பொள்ளாச்சிக்கோ கோயம்புத்தூருக்கோ பஸ் ஏறுகிறார்கள். ஒரே பொருளுக்கு எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு சொல்லும் அந்தப் பக்கம் இன்னொரு சொல்லும் கற்றுக் குழம்புவது எங்களுக்குப் பழகிப்போன சங்கடம். நான் எழுத வந்தது அதற்கு நேர்மாறான ஒன்றைப் பற்றி. ஐந்தாறு வேறு வேறு செயல்களுக்கு, இரு பக்கத்து நூல்களிலும், ஒரே சொல்லைப் போட்டு ஒப்பேற்றுகிறார்கள். ஆங்கில மூலத்தில் ‘இனாகுலேஷன்’ என்று எங்கே வந்தாலும் தமிழில் அது ‘தடுப்பூசி’ ஆகிவிடுகிறது. அதனால் வகுப்பறையில் நேர்ந்ததையும் வயலில் நேர்ந்ததையும் கண்ணால் பார்த்தவன் என்ற முறையில் சில சொல்ல விரும்புகிறேன்.

நான் அறிவியல் ஆசிரியனாக இருந்து ஓய்வுபெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், மொழிபெயர்த்து வந்த செய்முறைக் குறிப்பு ஒன்றை வகுப்பில் படித்துக்கொண்டிருந்தோம். நூலின் பெயரும் வெளியிட்டவர் பெயரும் இங்கே வேண்டாம். அதில், கம்பி வளையத்தைத் தீயில் காட்டிச் சிவக்கவைத்து, ஆறவிட்டு, அதன் நுனியால் பாக்டீரியாத் திட்டு ஒன்றைத் தொட்டு எடுத்து, கண்ணாடித் தட்டில் கிருமி வளர்க்கும் ஊடகமாக வைத்திருக்கும் அகார் கூழின்மேல் கோடு கோடாக இழுக்கச் சொல்லியிருந்தார்கள். அதுவரை சரி. அடுத்த வரி: ‘இவ்வாறு ஊடகத்திற்குத் தடுப்பூசி போடப்படுகிறது.’ இரண்டாம் பெஞ்சில் இருந்த பெண் எழுந்தாள். “சார், கிருமி வளரணும்னுதானுங்களே இதுல தடவறோம்? அப்பறம் எதுக்குங்க தடுப்பூசி போடறோம்? போட்டா வளராதில்லீங்களா?” என்று கேட்டாள். அச்சுப்பிழை என்று சொல்லி அன்று தப்பித்துக்கொண்டேன். அது அச்சுப்பிழை இல்லை என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரிந்துவிட்டது. கூழில் கிருமியை இடுவது அது பெருக வேண்டும் என்பதற்காக. குழந்தையின் கையில் மருந்தைச் செலுத்துவது கிருமி பெருகக் கூடாது என்பதற்காக. ஆங்கிலம் இந்த இரண்டையும் ஒரு சொல்லால் தாங்குகிறது என்றால் அதற்கு அந்த மொழிக்குள் ஒரு வரலாறு இருக்கிறது. தமிழில் ‘தடுப்பு’ என்பது சொல்லின் முன்வாசலிலேயே நின்றுகொண்டிருப்பதால், அதே சொல்லைக் கூழுக்குப் போட்டால் பொருள் தலைகீழாகிறது.

அந்த வரலாற்றைச் சற்றே விரித்துச் சொல்ல வேண்டும். ‘இனாகுலேஷன்’ மருத்துவமனையில் பிறந்த சொல் அன்று, தோட்டத்தில் பிறந்தது. லத்தீனில் ‘ஓக்குலஸ்’ என்றால் கண். செடியின் மொட்டுக்கும் அந்தப் பெயர் உண்டு. ஒரு செடியின் கண்ணைச் சீவி எடுத்து இன்னொரு செடியின் பட்டைக்குள் செருகி வளர்ப்பதுதான் அந்தச் சொல்லின் முதற்பொருள். ஆங்கிலத்தில் சில நூற்றாண்டுகள் அது தோட்டக்காரர் சொல்லாகவே இருந்தது. நாமும் உருளைக்கிழங்கில் கண் என்கிறோம், தேங்காயில் மூன்று கண் என்கிறோம், ஆகவே இந்த உவமை நமக்கு அந்நியமானதன்று. எங்கள் வட்டத்திலேயே மாங்காய்க்குப் பேர்போன முதலமடையில், ஒட்டு மாங்கன்று கட்டுகிறவர்களைப் பார்த்தால் இது விளங்கும்: கொட்டை முளைத்து வந்த நாற்றின் தண்டைக் கத்தியால் பிளந்து, நல்ல மரத்துக் குச்சியை ஆப்புப்போல் சீவிச் செருகி, பாலித்தீன் நாடாவால் இறுக்கிச் சுற்றி, காற்றுப் புகாமல் மேலே ஒரு சின்னப் பையைக் கவிழ்த்து வைக்கிறார்கள். ஒன்றின் உயிர் இன்னொன்றில் ஏறி வளர்கிறது.

அம்மை நோய்க்கு இந்தச் சொல் வந்தது பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். துருக்கியின் கான்ஸ்டாண்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்), லேசாகப் பெரியம்மை கண்டவரின் கொப்புளத்துச் சீழை ஆரோக்கியமானவரின் தோலைக் கீறி உள்ளே வைக்கும் வழக்கம் இருப்பதை மருத்துவர் இம்மானுவேல் டிமோனி லண்டனுக்கு எழுதினார், அது 1714இல் அங்கே வெளியானது. பிரிட்டிஷ் தூதரின் மனைவியான மேரி வொர்ட்லி மாண்டேகு 1717இல் அங்கிருந்து எழுதிய கடிதத்தில் அதை ‘ஒட்டுக்கட்டுதல்’ என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல்லாலேயே குறித்தார். 1721இல் லண்டனில் தம் மகளுக்கும் செய்வித்தார். நம் நாட்டிலும் வங்காளத்தில் இதைத் தொழிலாகச் செய்தவர்கள் இருந்தார்கள். இதில் உடம்பில் ஏற்றப்பட்டது உண்மையான பெரியம்மை. பெரும்பாலோருக்கு லேசாக வந்து போகும். சிலர் அதனாலேயே இறந்தார்கள். ஏற்றிக்கொண்டவரிடமிருந்து பக்கத்து வீட்டுக்குத் தொற்றவும் செய்தது. எட்வர்ட் ஜென்னர் 1796 மே 14 அன்று செய்தது வேறு. அவர் எடுத்தது பால் கறக்கும் பெண்ணின் கையில் இருந்த பசு அம்மைச் சீழ். அதனால்தான் பசு என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து ‘வாக்சின்’ பிறந்தது. பிற்காலத்தில், 1881இல், லூயி பாஸ்டர் ஜென்னரைச் சிறப்பிக்கும் வகையில் அந்தப் பெயரை மற்ற நோய்களுக்கான மருந்துகளுக்கும் விரித்தார்.

இந்த இரண்டையும் வரலாற்றுப் பாடத்தில் எப்படித் தருகிறீர்கள்? நான் பார்த்த ஒரு புத்தகத்தில், ஒரு பக்கத்தில் ‘துருக்கியில் தடுப்பூசி போடும் வழக்கம் முன்பே இருந்தது’ என்றும், மறுபக்கத்தில் ‘உலகின் முதல் தடுப்பூசியை ஜென்னர் போட்டார்’ என்றும் இருந்தது. எது முதல் என்று பிள்ளைகள் கேட்டால் ஆசிரியர் என்ன சொல்வார்? மூலத்தில் இரண்டு சொற்கள் இருந்தன. தமிழில் அவை ஒன்றாகிவிட்டதால் ஜென்னர் செய்தது என்ன என்பதே மறைந்துபோனது.

இத்தனைக்கும் தமிழில் சொல் இல்லாமல் இல்லை. என் தாயார் கடைசிவரை ‘தடுப்பூசி’ என்று சொன்னதில்லை. அவருடைய இடது மேற்கையில் காலணா அளவில் இரண்டு வட்டத் தழும்புகள் இருந்தன. உள்ளே குழிந்து, ஓரம் சுருங்கி, சுற்றியுள்ள தோலைவிட வெளுத்திருக்கும். சிறு வயதில் அவற்றில் விரலை வைத்து அழுத்துவது எனக்கு ஒரு விளையாட்டு. ‘அம்மை குத்துனது’ என்பார். அந்த மருந்துக்கு ‘அம்மைப்பால்’ என்று பெயர். 1899இல் கிண்டியில் தொடங்கிய கிங் நிலையத்தின் முதல் வேலையே அதைத் தயாரிப்பதாகத்தான் இருந்தது. மலையாளத்திலும் பழைய ஆட்கள் ‘அச்சுகுத்து’ என்பார்கள், இன்று ‘குத்திவெய்ப்பு’. குத்துவது என்ற வினை எல்லையின் இரு பக்கமும் ஒன்றே: காது குத்துகிறோம், பச்சை குத்துகிறோம், அம்மை குத்தினோம். எதைக் குத்தினோம் என்பது அந்தச் சொல்லிலேயே இருந்தது. அதை எடுத்துவிட்டு எதற்காகக் குத்தினோம் என்பதைப் பெயராக வைத்தோம். மருத்துவத்துக்கு அதில் தவறில்லை. பெரியம்மையை 1980இல் உலகத்தை விட்டே ஒழித்த முறைக்குத் ‘தடுப்பு’ என்ற பெயர் தகும். ஆனால் அங்கேயும் ‘ஊசி’ எல்லாவற்றுக்கும் பொருந்தவில்லை என்பதை மக்கள் உங்களுக்கு முன்பே கண்டுகொண்டார்கள். போலியோவுக்கு வாயில் விடுவதை ஒருவரும் தடுப்பூசி என்று அழைத்ததில்லை, அது ‘சொட்டு மருந்து’தான். எந்தக் குழுவும் உட்கார்ந்து முடிவு செய்யாமலே அந்தச் சொல் வீடுவீடாகப் போய்ச் சேர்ந்தது.

வகுப்பறைக் குழப்பமாவது சிரித்துக் கடக்கக்கூடியது. வயலில் நேர்ந்தது அப்படியன்று. எங்கள் பக்கத்துக் கரிசல் காட்டில் நிலக்கடலை போடுவார்கள். சில ஆண்டுகளுக்கு முன் தூரத்து உறவினர் ஒருவர் ரைசோபியம் என்ற நுண்ணுயிர் உரப் பொட்டலங்கள் வாங்கி வந்தார். கறுப்பான பொடி, 200 கிராம் பொட்டலம். அதோடு கொடுத்த துண்டுத்தாளில் ‘விதைகளுக்கான தடுப்பூசி’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. அவர் என்ன செய்தார் தெரியுமா? வேரழுகலுக்கு என்று வைத்திருந்த பூஞ்சணக்கொல்லித் தூளையும் இந்தப் பொடியையும் ஒரே பேசினில், ஒரே காலையில், ஆறிய அரிசிக் கஞ்சி விட்டுப் பிசைந்து விதையோடு புரட்டிவிட்டார். நாற்பது நாள் கழித்துச் செடி வெளுத்திருக்கிறது என்று என்னைக் கூப்பிட்டார். நான்கைந்து செடியைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பார்த்தோம். மண்ணில் இயல்பாகவே இருந்த நுண்ணுயிரால் அங்கொன்றும் இங்கொன்றுமாக முடிச்சுகள் இருந்தன. ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது, வேலை செய்கிற முடிச்சு என்பதற்கு அடையாளம் அந்த நிறம். ஆனால் கொத்துக் கொத்தாக இருக்க வேண்டிய இடத்தில் எண்ணினால் ஏழெட்டுத் தேறவில்லை.

“ஏனுங்க வாத்தியாரே, தடுப்பூசின்னா நோவு வராம இருக்கறதுக்குத்தானுங்களே? நோவு மருந்தோட சேத்துப் போட்டா ரெட்டக் காவல்னு நெனச்சனுங்க” என்றார்.

அவர் நினைத்ததில் என்ன தவறு? தாளில் எழுதியிருந்ததை நம்பினார். பொட்டலத்துக்குள் இருந்தது நோயைத் தடுக்கும் மருந்து அன்று, உயிருள்ள பாக்டீரியா. அது வேருக்குள் புகுந்து, முடிச்சுக்குள் குடியிருந்து, காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்குப் பிடித்துக் கொடுக்கும். அவரை, கடலை, துவரைக் குடும்பத்துச் செடிகள் இப்படித் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தைத் தேடிக்கொள்கின்றன என்பது 1880களில் நிறுவப்பட்டது. மார்ட்டினஸ் பெயரிங்க் 1888இல் அந்த பாக்டீரியாவைத் தனியே பிரித்து வளர்த்தார். பூஞ்சணக்கொல்லியோடு சேர்த்துப் பிசைந்தால் அது செத்துப்போகும். அதனால்தான் பூஞ்சணக்கொல்லி போடுவதாயிருந்தால் முதல் நாளே போட்டுவிட்டு, மறுநாள் விதைக்கப் போகும் நேரத்தில் ரைசோபியத்தைக் கலந்து, வெயில் படாமல் நிழலில் உலர்த்தி, உடனே விதைக்கச் சொல்கிறார்கள். ‘உயிர் உரம் கலந்த விதை நேர்த்தி’ என்று வேளாண்மைத் துறையினர் காலங்காலமாகச் சொல்லிவரும் நல்ல தமிழ் இருக்கிறது. உயிர் என்ற ஒரு சொல் அந்தத் தாளில் இருந்திருந்தால் என் உறவினர் ஒருகணம் யோசித்திருப்பார். துண்டுத்தாளை எழுதியவர் சொந்தமாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, அகராதியைப் பார்த்துத்தான் எழுதியிருப்பார். அந்த அகராதி உங்கள் கைகளில் இருக்கிறது என்பதால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

இனி, கிருமியைப் பெருக்குவதற்காக இடும் செயலுக்குத் தமிழில் எது பொருத்தமான சொல் என்று பார்த்தால், அதை நாள்தோறும் இரவு அடுப்படியில் செய்கிறோம். காய்ச்சிய பால் கைபொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் ஒரு கரண்டி மோர் விட்டுக் கலக்கி மூடி வைக்கிறோம். உறை ஊற்றுதல், உறை குத்துதல், பிரை குத்துதல், புரை ஊற்றுதல் என்று ஊருக்கு ஊர் சொல்வார்கள். மலையாளத்திலும் ‘உற ஒழிக்குக’ என்றே சொல்கிறார்கள். இங்கும் அந்தக் ‘குத்து’ வந்துவிடுவதைப் பாருங்கள். ஆய்வகத்தில் கம்பி வளையம் செய்வதும் கரண்டி மோர் செய்வதும் ஒரே வேலை. புறநானூற்றின் 276ஆம் பாட்டில், ஆய்மகள் நகத்தால் தெறித்த சிறிது உறை குடம் நிறைந்த பாலையே மாற்றிவிடுவதுபோல, ஒற்றை வீரன் பகைவர் படை முழுமைக்கும் நோய் ஆனான் என்று மதுரைப் பூதன் இளநாகனார் பாடுகிறார். ‘குடப்பால் சில்லுறை’ என்பது அவர் தொடர். துளி ஒன்று இடம் முழுவதும் பரவிப் பெருகுவதையும் நோயையும் ஒரே மூச்சில் சேர்த்துப் பார்த்த பாட்டு அது. நுண்ணுயிரியல் என்ற துறை தோன்ற இன்னும் நெடுங்காலம் இருந்தது. இதைப் பழம்பெருமைக்காகச் சொல்லவில்லை. சொல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

உறை என்றால் தபால் உறையும் ஆகுமே, பனிக்கட்டி உறைவதும் ஆகுமே என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். ஆகும்தான். படி என்றால் மாடிப்படியும் அளக்கும் படியும் ஆகிறது, இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். ‘உறையிடுதல்’ பிடிக்கவில்லை என்றால் ‘வித்திடுதல்’ என்றாலும் எனக்குச் சம்மதமே. காளான் வளர்ப்பவர்கள் வைக்கோலில் இடுவதைக் காளான் வித்து என்றுதான் சொல்கிறார்கள், அதில் ஒருவருக்கும் குழப்பமில்லை. அகில் மரத்தில் வேண்டுமென்றே துளையிட்டுப் பூஞ்சணத்தை ஏற்றுகிறார்களே, அதற்கும் இது ஒத்துவரும். நோய் பட்ட மரம்தான் வாசனைப் பிசினைச் சுரக்கும் என்பதால் அங்கே நோயையே விதைக்கிறார்கள். அதையும் தடுப்பூசி என்று எழுதினால் அகில் வாசமே வராது.

எல்லாவற்றுக்கும் தமிழ் ஆக்கியே தீரவேண்டும் என்ற பிடிவாதமும் எனக்கில்லை. என் தம்பி கோயம்புத்தூரில் ஒரு பவுண்டரியில் வேலை பார்த்தவன். உருக்கிய இரும்பை அச்சில் ஊற்றுவதற்குச் சற்று முன், லேடில் என்ற ஊற்றுகலத்தில் விழும் தாரையோடு, இரும்பும் சிலிக்கானும் கலந்த ஃபெர்ரோசிலிக்கான் குருணையைத் தூவுவார்கள். ஒரு டன்னுக்குச் சில கிலோ போதும். அப்படிச் செய்தால் இரும்பிலுள்ள கரி கிராஃபைட்டாகத் திரள்வதற்கு ஆங்காங்கே கருக்கள் கிடைக்கின்றன. செய்யாவிட்டால், மெல்லிய பகுதிகள் சீக்கிரம் குளிர்ந்து வெள்ளை இரும்பாக இறுகிப்போய், கடைசலில் வைத்தால் டூல் உடையும். ஆப்பு வடிவத்தில் ஒரு சிறு துண்டை வார்த்து, உடைத்து, கூர்முனையில் எவ்வளவு தூரம் வெளுத்திருக்கிறது என்று பார்ப்பார்கள். சாம்பல் நிறம் முனைவரைக்கும் வந்திருந்தால் நிம்மதி. தூவிய பிறகு பத்துப் பதினைந்து நிமிடத்துக்குமேல் தாமதித்தால் வீரியம் குறைந்துவிடும் என்பதால் அந்த நேரத்தில் யாரும் யாரோடும் பேசமாட்டார்கள். இதற்கும் பெயர் இனாகுலேஷன். தொழிலாளிகள் அப்படியேதான் சொல்கிறார்கள். உயிரே இல்லாத இரும்புக்குத் ‘தடுப்பூசி’ என்று ஐடிஐ பையனுக்குக் கற்பிப்பதைவிட, அவன் நாளைக்குப் பட்டறையில் கேட்கப்போகும் சொல்லையே தமிழ் எழுத்தில் தந்துவிடுங்கள்.

தடுப்பூசி என்ற சொல் மருத்துவத்துக்கு வெளியிலும் பொருந்தும் இடம் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நான் நியாயம் பேசியவன் ஆகமாட்டேன். 1960களின் தொடக்கத்தில் வில்லியம் மெக்குவைர் என்ற அமெரிக்க உளவியலாளர், சாப்பிட்டபின் பல் துலக்குவது நல்லது என்பதுபோல ஒருவரும் மறுத்துக் கேட்டிராத நம்பிக்கைகளை எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார். ஆதரவான வாதங்களை மட்டும் கேட்டவர்களைவிட, வலுக்குறைந்த எதிர்வாதத்தையும் அதற்கான மறுப்பையும் முன்கூட்டிக் கேட்டவர்களே பின்னால் வந்த கடும் எதிர்வாதத்தைத் தாங்கி நின்றார்கள். இன்று வாட்ஸ்அப் வதந்திகளுக்கு எதிராக இதே முறையைப் பலர் முயல்கிறார்கள். இங்கே உவமை மருத்துவத்திலிருந்தே வந்தது, தடுப்பதுதான் நோக்கமும். ஆகவே ‘கருத்துத் தடுப்பூசி’ என்று எழுதுங்கள், யாரும் வழிதவறமாட்டார்கள்.

ஆகவே என் வேண்டுகோள்: அகராதியில் அந்தச் சொல்லுக்கு எதிரே ஒரே வரியில் ஒரே பொருளைப் போடாமல், துறையைக் குறித்து அதற்குரிய சொல்லைத் தாருங்கள். வரலாற்றுப் பாடத்தில் பெரியம்மைச் சீழை ஏற்றியதைப் ‘பெரியம்மை குத்துதல்’ என்றும், ஜென்னர் செய்ததைப் ‘பசு அம்மை குத்துதல்’ என்றும் பிரித்து எழுதினால் இரண்டு பக்கங்களும் ஒன்றோடொன்று சண்டையிடாது. விதைப் பொட்டலத்திலும் அதன் துண்டுத்தாளிலும் ‘உயிர் உரம்’ என்பது முதல் வரியில் இருக்கட்டும். மருந்தோடு கலக்கக் கூடாது என்பது இரண்டாம் வரியில் இருக்கட்டும். இந்த மாற்றம் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு மாதிரியும் இந்தப் பக்கம் ஒரு மாதிரியும் வராமல், இரு மாநிலத்துக் குழுக்களும் ஒருமுறையாவது சேர்ந்து உட்கார்ந்து பேசினால், வாளையாற்றைத் தாண்டிப் படிக்கப் போகும் எங்கள் பிள்ளைகளுக்குப் பெரிய உதவி.

அடுத்த பதிப்பு அச்சுக்குப் போவதற்கு முன் அந்தப் பக்கங்களை இந்த வட்டத்துத் தமிழ்வழி ஆசிரியர்களிடம் காட்டுங்கள். படித்துக் குறித்துத் தர நானும் ஆயத்தமாக இருக்கிறேன். தபால் மட்டும் ஆந்திரத்துச் சித்தூருக்குப் போகாதபடி ‘பாலக்காடு மாவட்டம்’ என்று தெளிவாக எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்வழி அறிவியல் ஆசிரியர் ஒருவர்,
சித்தூர் வட்டம், பாலக்காடு மாவட்டம், கேரளம்.